வேலை கேம்பிரிட்ஜில், வீடு ஹேவர்ஹில்லில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கேம்பிரிட்ஜ் நகரின் வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1970இல் டிரினிட்டி கல்லூரி தன் நிலத்தில் ஆய்வு, தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்று அறிவியல் பூங்கா தொடங்கியது, 1990இல் 12 பொறியாளர்களோடு ஒரு பழைய கொட்டகையில் ஆரம்பித்த ஆர்ம் நிறுவனம் இன்று உலகத்துக் கைப்பேசிகளுக்கெல்லாம் சிப் வடிவமைத்துக் கொடுப்பது, அஸ்ட்ராஜெனெகா தன் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. வளர்ச்சி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வார்டில் வேலை பார்ப்பவர்கள், சமைப்பவர்கள், தரை துடைப்பவர்கள், பஸ் ஓட்டுபவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நான் அங்கே மருத்துவமனையில் செவிலியராக இருப்பவள் என்பதால் அதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் வீடு ஹேவர்ஹில்லில். கேம்பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, சஃபோக் மாவட்டத்தில் இருக்கும் சிறு ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் நெரிசலைக் குறைக்க மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர்களில் இதுவும் ஒன்று. குடியமர்த்திய சில ஆண்டுகளிலேயே, 1967இல், ரயிலை நிறுத்திவிட்டார்கள். இன்றுவரை ரயில் கிடையாது. ஏ1307 சாலை ஒன்றுதான் வழி.

விடிவதற்கு முன்பே கிளம்பும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் கேம்பிரிட்ஜை நடத்துகிறவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி தூங்கும் சமையற்கூட ஊழியர், கோட்டுக்குள் சீருடை தெரிய உட்கார்ந்திருக்கும் பிலிப்பைன்ஸ் பெண், முதியோர் இல்லத்துக்குப் போகும் பராமரிப்பாளர்கள். லிண்டன் கிராமத்தை நெருங்கும்போது வண்டிகள் வரிசையில் நின்றுவிட்டால் எல்லாரும் கைப்பேசியில் நேரம் பார்க்கத் தொடங்குவார்கள். பணி மாற்றும் நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இரவு முழுக்க நின்றவர் நமக்காக இன்னும் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, திரும்ப அதே சாலை. மருத்துவமனையும் ஆய்வகங்களும் இருக்கும் மருத்துவ வளாகத்தை ஒட்டிப் புதிய ரயில் நிலையம் கட்டியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ரயிலே இல்லாத ஊர்க்காரர்களுக்கு அதனால் என்ன பயன்?

நகரத்துக்குள்ளேயே குடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அரசு மருத்துவச் சேவையில் எங்களுக்கு நாடு முழுக்க ஒரே சம்பள அட்டவணை. லண்டனிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் செலவு அதிகம் என்று தனிப்படி உண்டு. கேம்பிரிட்ஜுக்குக் கிடையாது. வாடகையோ லண்டன் புறநகரோடு போட்டி போடுகிறது. வாங்கலாம் என்றால் சராசரி வீட்டின் விலை சராசரி ஆண்டுச் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் வாடகை உதவியின் கதை இன்னும் மோசம். அந்தத் தொகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைக் கேம்பிரிட்ஜுக்கென்று தனியாகக் கணக்கிடுவதில்லை. ஈலி, நியூமார்க்கெட், எங்கள் ஹேவர்ஹில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த மொத்தப் பகுதியின் வாடகையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் ஊர் வாடகை குறைவு, அதனால் அந்த வரம்பும் இறங்கிவிடுகிறது. அந்தத் தொகைக்குள் நகரத்தில் வீடு கிடைப்பது அபூர்வம். எந்தச் சட்டமும் ஏழைகளை வெளியே போ என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் கணக்கு அவர்களை வெளியே தள்ளுகிறது. எனக்குக் கோபம் வருவது இதில்தான், ஏனென்றால் இது ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றிவிடக்கூடிய விஷயம்.

நகரத்துக்குள்ளேயே இருப்பவர்களிலும் எல்லாரும் வசதியானவர்கள் அல்ல. நாட்டிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நகரம் என்று சென்டர் ஃபார் சிட்டீஸ் ஆய்வு நிறுவனம் கேம்பிரிட்ஜைச் சொன்னது. அப்போது வெளியான கணக்கின்படி, அதிகம் சம்பாதிக்கும் 6 சதவீதம் பேருக்கு நகரின் மொத்த வருமானத்தில் 19 சதவீதம் போனது. கடைசி 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது 2 சதவீதம். உங்கள் கட்டுரை புகழ்ந்த அறிவியல் பூங்காவை ஒட்டியே கிங்ஸ் ஹெட்ஜஸ் இருக்கிறது. நகரின் ஏழைப் பகுதிகளில் ஒன்று. நகரின் மேற்கில், வசதியானவர்கள் வாழும் நியூன்ஹாமில் பிறக்கும் குழந்தையைவிட இங்கே பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு பல ஆண்டுகள் குறைவு.

அப்புறம் தண்ணீர். இங்கிலாந்து என்றால் எப்போதும் மழை என்று நம் ஊரில் நினைப்பார்கள். கேம்பிரிட்ஜ் அந்த நாட்டிலேயே மழை மிகக் குறைவான பகுதிகளில் ஒன்று, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. 2019 ஜூலையில் தாவரவியல் பூங்காவில் 38.7 டிகிரி பதிவானது. குடிநீர் முக்கியமாகச் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கியிருக்கும் நிலத்தடி நீரிலிருந்துதான் வருகிறது. அதை அதிகமாக உறிஞ்சினால் சுற்றியுள்ள சிற்றாறுகள் வற்றிப்போகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த நைன் வெல்ஸ் ஊற்றுகள், இப்போதைய மருத்துவ வளாகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தண்ணீர் போதாது என்று அரசின் சுற்றுச்சூழல் முகமையே பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. ஃபென்ஸ் என்னும் தாழ்நிலப் பகுதியில் கட்டப்போகும் நீர்த்தேக்கம் 2030களின் நடுப்பகுதிக்கு முன் தயாராகாது. இதற்கிடையே 2050க்குள் 1,50,000 வீடுகள் என்று 2024இல் அரசு அறிவித்தது. யாருக்கான வீடுகள், என்ன வாடகை என்பதைவிட எண்ணிக்கையைத்தான் உரக்கச் சொன்னார்கள்.

வழி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்கென்று எடிங்டன் என்ற புதிய குடியிருப்பில் 1,500 வாடகை வீடுகளுக்குத் திட்டமிட்டு, மழைநீரைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாட்டோடு கட்டத் தொடங்கியது. நகர மன்றமும் 2017இல் கிடைத்த 7 கோடி பவுண்டை வைத்து மன்றமே குறைந்த வாடகைக்கு விடும் 500 மன்ற வீடுகள் கட்டும் பொறுப்பை ஏற்று முடித்தது. பல்கலைக்கழக ஊழியர்களுக்குக் கட்ட முடிந்தவர்கள் வார்டு பணியாளர்களுக்கும் கட்டலாம். லண்டன் படியைக் கேம்பிரிட்ஜுக்கும் தரலாம், வாடகை உதவியை நகரத்துக்கென்று தனியாகக் கணக்கிடலாம். புதிய ஆய்வகங்களுக்கு அனுமதி தரும்போதே இதையெல்லாம் நிபந்தனையாகப் பேசினால்தான் நடக்கும். கட்டி முடித்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதழைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து செவிலியர்களும் பராமரிப்பாளர்களும் இங்கே வர விண்ணப்பிப்பார்கள். வாருங்கள், வேலை நல்ல வேலை, கூட வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் வேலை உத்தரவில் உள்ள சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு அறை வீட்டின் வாடகை, உள்ளூர் மன்றத்துக்குக் கட்டும் மன்ற வரி, முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். இந்த விவரங்களையும் சேர்த்து இன்னொரு கட்டுரை வெளியிட்டால், வருகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். எங்கள் பஸ்ஸில் வருகிறவர்களிடமும் பேசச் சொல்லுங்கள், நான் அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
ஹேவர்ஹில், இங்கிலாந்து