கிட் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் கிட் (Git, புரோகிராம் ஃபைல்களில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கிற மென்பொருள்) பற்றி வந்த அறிமுகக் கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் குளோன் செய்த, அதாவது முழுப் பிரதி எடுத்துக்கொண்ட, ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருப்பதால் தனியாக பேக்கப் தேவையில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வந்ததே, அதைச் சும்மா விட மனம் வரவில்லை. படிக்கிற பிள்ளைகள் அதை நம்பி அப்படியே செய்துவிடுவார்கள்.

2013 மார்ச்சில் கேடிஇ திட்டத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். லினக்ஸ்காரர்களுக்குத் தெரிந்த டெஸ்க்டாப் அது, தமிழிலும் பயன்படுத்தலாம். அவர்களுடைய கிட் சர்வரில் ஏறக்குறைய 1500 ரெப்போக்கள் (ஒரு திட்டத்தின் ஃபைல்களும் அவற்றின் வரலாறும் சேர்ந்த கிடங்குதான் ரெப்போ). பாதுகாப்பு அப்டேட்டுக்காக நிறுத்தி மறுபடி இயக்கியபோது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக வைத்திருக்கிற ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. சரி, அதே ரெப்போக்களின் பிரதியை வைத்திருக்கிற மிரர் சர்வர்கள்தான் இருக்கின்றனவே என்று நினைப்போம். அவை ஒவ்வொரு முறையும் தலைமை சர்வரிடமிருந்து ரெப்போக்களின் பட்டியலை வாங்கி அதன்படியே நடக்கும். பட்டியல் பழுதாகி வந்ததும், இவையெல்லாம் நீக்கப்பட்டுவிட்டன போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தங்களிடம் இருந்த நல்ல பிரதிகளையும் வரிசையாக அழித்துவிட்டன. சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்றால் இப்படியா! புதிதாகத் தயார்செய்துகொண்டிருந்த ஒரு சர்வரில் மட்டும் பிரதி தப்பிக் கிடந்தது, அதை வைத்துத்தான் மீண்டார்கள். (மொழிபெயர்ப்புக் கோப்புகள் சப்வெர்ஷன் என்ற வேறொரு மென்பொருளில் தனியாக இருந்ததால் தமிழாக்கம் இந்த வம்பில் சிக்கவில்லை.)

நிர்வாகிகள் பேக்கப் வைக்கவில்லை என்று திட்டுவது சுலபம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், கெட்டுப்போன ரெப்போவை மிரர் முறையில், அதாவது உள்ளதை உள்ளபடி, குளோன் செய்தபோது கிட் ஒரு வார்த்தை பேசாமல் வேலை முடிந்தது என்று சொன்னதுதான். கிட் சேமிக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற நீண்ட எண்தான் பெயர், அதனால் வந்து சேர்ந்தது சிதைந்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வராமலே போனதை யார் தேடுவது? ஒரு கமிட் (பதிந்துவைத்த ஒரு மாற்றம்) சுட்டுகிற ஃபைல் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று குளோன் பார்க்கவில்லை. புகார் போனதும் கிட்டை உருவாக்குகிறவர்கள் இதைச் சரிசெய்தார்கள், அதே வருடம் மே மாதம் வெளிவந்த 1.8.3 பதிப்பிலிருந்து குளோன் முடிகிற இடத்தில் கமிட்களும் அவை சுட்டுகிற ஃபைல்களும் சேர்ந்த சங்கிலி முழுசாக இருக்கிறதா என்று சோதிக்கிறது. கொஞ்சம் நேரம் கூடுதலாகும், ஆகட்டுமே. கேடிஇக்காரர்களும் மிரர்களை இயக்கிய தங்கள் ஸ்கிரிப்டை மாற்றினார்கள், பட்டியல் திடீரென்று சுருங்கினால் ஒரு ஆள் பார்க்கும்வரை எதையும் அழிக்காதபடி.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அதே கணினியிலுள்ள ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து குளோன் செய்தால் கிட் அந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடும், ஃபைல்களை ஹார்ட்லிங்க்காகவோ நகலாகவோ வைத்துவிட்டு வேகமாக முடித்துக்கொள்ளும். ஹார்ட்லிங்க் என்றால் டிஸ்க்கில் இரண்டாவது பிரதியே கிடையாது, ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். இதைப் போய் பேக்கப் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. நோ-லோக்கல் (--no-local) ஆப்ஷன் கொடுத்தால் வேறு இடத்திலிருந்து இறக்குவது போலவே எல்லாம் நடக்கும், சோதனையும் உண்டு.

அப்புறம், சாதாரண குளோனில் கமிட் செய்தது மட்டும்தான் வரும். பிறகு பார்க்கலாம் என்று ஸ்டாஷில் ஒதுக்கி வைத்தது வராது, ஆட் செய்துவிட்டு கமிட் செய்ய மறந்தது வராது, கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட் இக்னோர் பட்டியலில் போட்ட கான்ஃபிக் ஃபைலும் வராது.

அடுத்த வாரத்துக் கட்டுரையில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: தேதி போட்ட பேக்கப் ஒன்று, தலைமை சர்வர் கை வைக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும், அதை எடுக்கும் முன் ரெப்போ பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கிட்டின் எஃப்எஸ்சிகே (git fsck) கட்டளையை ஓட்டி, பிழை வந்தால் பழைய பேக்கப்பின் மேல் எழுதக் கூடாது.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாக வேலையில் இருக்கும் ஒரு வாசகர்,
ஈரோடு