மூடும் பொத்தானை முடக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கை தவறி விண்டோ மூடப்படுவதைத் தடுக்க, மேல் மூலையிலுள்ள எக்ஸ் பொத்தானையே முடக்கிவிடலாம் என்று சென்ற இதழின் புரோகிராமிங் பக்கத்தில் யோசனை சொல்லியிருந்தீர்கள். விண்டோஸில் இதைச் செய்ய முடியும்தான். ஆனால் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தால், புரோகிராம் உறைந்துவிட்டது என்றே பயனர் நினைப்பார். நேரே டாஸ்க் மேனேஜருக்குப் போய்ப் பலவந்தமாக நிறுத்துவார். அப்போது எதையும் சேமிக்க உங்கள் நிரலுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது.

எக்ஸை அழுத்தினாலும் ஆல்ட்+எஃப்4 தட்டினாலும் விண்டோவுக்கு வந்து சேர்வது ‘டபிள்யூஎம்_குளோஸ்’ என்ற ஒரே செய்தி. அது வெறும் வேண்டுகோள். நிரல் அதைக் கண்டுகொள்ளாவிட்டால்தான் விண்டோ அழிக்கப்படுகிறது. ஆகவே மறிக்க வேண்டிய இடம் அது. விண்டோ உள்ள புரோகிராம் எழுத உதவும் ஒவ்வொரு கருவித்தொகுப்பிலும் இதற்கு வழி உண்டு. விண்டோஸ் ஃபார்ம்ஸில், மூடுவதற்கு முன் எழும் ‘ஃபார்ம்குளோசிங்’ நிகழ்வில் ‘கேன்சல்’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். க்யூட்டி (Qt) தொகுப்பில் ‘குளோஸ்ஈவென்ட்’டுக்குள் ‘இக்னோர்’ அழைக்க வேண்டும். ஜாவா ஸ்விங்கில் பலர் சறுக்குகிறார்கள். அதன் விண்டோவான ‘ஜேஃப்ரேம்’ இயல்பாகவே, மூடச் சொன்னால் மறைந்துகொள்ளும் வகை. மூடும்போது எழும் ‘விண்டோகுளோசிங்’ நிகழ்வில் கேள்வி கேட்டு, பயனர் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் விண்டோ காணாமல் போகும். புரோகிராம் மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ‘டு_நத்திங்_ஆன்_குளோஸ்’ (மூடச் சொன்னாலும் எதுவும் செய்யாதே) என்று முதலிலேயே அமைத்துவிட்டு, மூடுவதை நாமே செய்ய வேண்டும்.

எல்லா நேரமும் ‘கேன்சல்’ போட்டுவிடுவதும் ஆபத்து. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யும்போதும் இதே நிகழ்வுதான் எழும். உங்கள் புரோகிராம் ஷட்டவுனுக்கே முட்டுக்கட்டை ஆகும். விண்டோஸ் ஃபார்ம்ஸில், மூடுவதன் காரணத்தைச் சொல்லும் ‘குளோஸ்ரீசன்’ மதிப்பைப் பாருங்கள். பயனரே மூடினால் கேளுங்கள். விண்டோஸ் மூடுகிறது என்றால் மீட்புப் பிரதி ஒன்றைச் சத்தமில்லாமல் எழுதிவிட்டு வழிவிடுங்கள்.

கேட்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் “நிச்சயமாக மூடவா?” என்று கேட்டால், நாலைந்து நாளில் விரல் படிக்காமலே என்டரைத் தட்டப் பழகிவிடும். சேமிக்காத மாற்றம் இருந்தால் மட்டுமே கேட்க வேண்டும். இதற்கு, ‘மாறியதா’ என்பதை ஆம்/இல்லை என்று குறித்து வைக்கும் ஒற்றைக் கொடி போதாது. ஓர் எழுத்தைத் தட்டி அன்டூ செய்தாலும் அது ‘மாறியது’ என்றே காட்டும். கடைசியாகச் சேமித்தபோது அன்டூ வரிசையில் எங்கே இருந்தோம் என்பதைக் குறித்து வைத்து ஒப்பிடுவது சரி. க்யூட்டியில் அன்டூ வரிசையைக் கவனிக்கும் ‘க்யூஅன்டூஸ்டாக்’கில் இது தயாராகவே இருக்கிறது.

பொத்தான்களில் ‘ஆம்’, ‘இல்லை’ எழுதாதீர்கள். ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’, ‘ரத்து’ என்று செயலையே எழுதுங்கள். என்டருக்குச் ‘சேமி’, எஸ்கேப்புக்கு ‘ரத்து’.

‘சேமி’யை அழுத்தியபின் நடப்பதைத்தான் பெரும்பாலோர் சோதிப்பதில்லை. கோப்புக்குப் பெயர் கேட்கும் பெட்டியில் பயனர் ரத்து செய்யலாம், டிஸ்க் நிறைந்திருக்கலாம், யூஎஸ்பியைப் பிடுங்கியிருக்கலாம். சேமிப்பு தோற்றால் மூடுவதும் நிற்க வேண்டும். சேமிக்கும் ஃபங்ஷன் வெற்றியா தோல்வியா என்று திருப்பிச் சொல்லாமலிருந்தால், நிரல் அடுத்த வரிக்குப் போய் விண்டோவை மூடிவிடும். கேட்டுக்கேட்டே தரவைத் தொலைக்கும் புரோகிராம்கள் இப்படித்தான் உருவாகின்றன.

இத்தனை செய்தாலும் மின்வெட்டுக்கு எந்தக் கேள்விப் பெட்டியும் உதவாது. தானியங்கிச் சேமிப்பு அவசியம். தட்டச்சு நின்று சில நொடிகளில் எழுதினால் போதும். பயனரின் மூலக் கோப்பைத் தொடாமல் தனி மீட்புக் கோப்பில் எழுதுங்கள். அதையும் முதலில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, டிஸ்கில் சேர்ந்தபின் பெயர் மாற்றுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் முந்தைய பிரதி தப்பும். தற்காலிகக் கோப்பு அதே ஃபோல்டரில் இருக்கட்டும். வேறு டிரைவில் இருந்தால் பெயர் மாற்றம் என்பது நகலெடுப்பாகிவிடும், பாதுகாப்பும் போய்விடும்.

சோதிக்க, ஓடும் புரோகிராமை நிறுத்தும் விண்டோஸின் ‘டாஸ்க்கில்’ (taskkill) கட்டளை போதும். பலவந்தமாக நிறுத்தச் சொல்லும் எஃப் சுவிட்ச் (/F) இல்லாமல் கொடுத்தால் மூடும் வேண்டுகோள் போகும். உங்கள் கேள்விப் பெட்டி எழ வேண்டும். எஃப் சேர்த்துக் கொடுத்தால் புரோகிராம் அப்படியே வெட்டப்படும்; மறுபடி திறக்கும்போது மீட்புக் கோப்பைத் திறக்கவா என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் வாசகர்