பைய வந்தா போதும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாண்டி,

நலம். நலமறிய ஆவல். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு நீ திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தை உன் மகன் அனுப்பியிருந்தான். பார்த்ததும்தான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். டாக்டர் சொன்ன நாள்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. இங்கே சரசுவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மகளுக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. வீடு பார்த்து முடிக்கும்வரை பேத்தி எங்களோடுதான்.

போன வாரம் தெற்கு மாசி வீதிப் பக்கம் போனேன். நம் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். டிரெடில் அச்சு இயந்திரம் நின்ற மூலையில் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார்கள். கீழே அதே சிமெண்ட் தரை, அதே எண்ணெய்க் கறை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைப் பையன் என்ன வேண்டும் என்று கேட்டான். 1983இல் இங்கே வேலை பார்த்தேன் தம்பி என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். நல்ல பையன்.

சரி, நீ எழுதும் உன் வாழ்க்கைக் கதைக்கு வருகிறேன். கோப்பு இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று நீ சொல்லச் சொல்ல டிடிபி கடையில் அடித்தது. இன்னொன்று, அதை உன் மகன் ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு 'மேம்படுத்தி' வாங்கியது. "இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது, நான் படிக்காதவன், நீயும் ஒரு தடவை பார்த்துத் திருத்திவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்" என்று எழுதியிருந்தாய். இரண்டையும் வரிக்கு வரி படித்தேன் பாண்டி. முதலாவதுதான் உன்னுடைய புத்தகம். இரண்டாவது யாருடையதாகவும் இருக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் பழைய எழுத்தை உருக்கப் போட்ட கதையை எழுதியிருக்கிறாய் அல்லவா? 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ஐந்து வருஷம் ஆன பிறகும் நம் ஈய எழுத்துப் பெட்டியில் தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் கிடந்ததும், முதலாளி அவற்றைப் பொறுக்கி எடுக்கச் சொன்னதும், நீ ஒரே ஒரு லையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும். படிக்கும்போது எனக்கு ஈய வாசனை வந்தது. மேம்படுத்திய பிரதியில் அந்தப் பத்தி முழுவதுக்கும் பதிலாக ஒரே வரிதான் இருக்கிறது: "அக்காலத்தில் அச்சுத் தொழில் மிகுந்த உழைப்பைக் கோரியது." போதாததற்கு அடுத்து "அது ஒரு பொற்காலம்" என்று வேறு இருக்கிறது. நீ அதை எந்த இடத்திலும் சொல்லவே இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருமா வராதா என்று தவித்த காலத்தை நீ எப்படிப் பொற்காலம் என்பாய்?

இதைவிட எனக்குப் பொறுக்காதது உன் அம்மா பேசும் இடம். நாம் இரவு வேலை முடித்துப் பன்னிரண்டு மணிக்கு வருவோம் என்று தெரிந்து, வாசலில் நின்று "பைய வந்தா போதும்டா, சோறு எங்க போயிறப் போகுது" என்பார்களே. அதை "மெதுவாக வந்தாலே போதும் மகனே, உணவு எங்கும் சென்றுவிடாது" என்று மாற்றி வைத்திருக்கிறது. உன் அம்மா ஒருநாளாவது உன்னை 'மகனே' என்று கூப்பிட்டதுண்டா? அவர்கள் கையால் சாப்பிட்டவன் நான். அந்தக் குரலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் மகனைக் குறை சொல்லவில்லை. அப்பா எழுதியது அழகாக வர வேண்டும் என்ற ஆசையில் செய்திருக்கிறான். ஆனால் எழுத்தைத் துடைப்பது வேறு, எழுத்தை மாற்றுவது வேறு. துடைப்பதற்குக் காசில்லாமலே இணையத்தில் எத்தனையோ வசதிகள் வந்திருக்கின்றன. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். பதினைந்து நாளாக உன் முதல் கோப்பை வைத்துக்கொண்டு அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

முதலில் கோப்பைப் படிக்கவே முடியவில்லை. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. உன் முதல் சொல் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று இருந்தது. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய கட்டங்களில் தமிழ் உருவங்களை வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் உருவம் போய் வெறும் விசைகள் மட்டும் மிஞ்சும். அரைப்புள்ளி இருக்கும் இடமெல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி. அப்படியென்றால் அந்த முதல் சொல் 'அம்மா'. கண்டுபிடித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இப்படிப்பட்டதை யூனிகோடு என்கிற ஒருங்குறிக்கு மாற்றப் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் என்று இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் தமிழ் வந்து விழுகிறது. தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனிமேல் கடையில் கொடுத்தால் ஒருங்குறியிலேயே அடிக்கச் சொல். மற்ற எந்த வசதியும் அதில்தான் வேலை செய்யும்.

அப்புறம் பிழை பார்த்தேன். நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் ஒருவர் வாணி என்று ஒரு பிழைதிருத்தி செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார். எழுத்தை ஒட்டினால், சந்தேகப்படும் சொற்களைத் தனியாகக் காட்டி, இதுவா அதுவா என்று கேட்கிறது. ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு தமிழுக்கு இதைச் செய்ய முடியாது பாண்டி. 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம். எந்த அகராதியில் அது இருக்கும்? உம்மைக் கழற்றி, 'கு'வைக் கழற்றி, 'கள்'ளைக் கழற்றி, உள்ளே ஓடு என்ற வேர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தனி ஆள் இதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவருக்குக் கும்பிடு போட வேண்டும். சந்திப்பிழைக்கு என்று நாவி என்ற இன்னொன்றும் செய்திருக்கிறார்.

உன் கோப்பில் வந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். நான்கு இடத்தில் 'சுவற்றில்' என்று இருந்தது. கிணறு 'று'வில் முடிகிறது, அதனால் கிணற்றில். சுவர் 'ர்' என்று முடிவதால் சுவரில்தான். 'அச்சுக் கோர்க்கும் வேலை' என்று முழுக்க எழுதியிருக்கிறாய். கோ என்பதுதான் வேர். கோத்தான், கோக்கிறான். அச்சுக்கோப்பவன் என்றுதானே நம்மைச் சொன்னார்கள்? கோர்த்தல் பேச்சில் நிலைத்துவிட்டது என்பது தெரியும். இருந்தாலும் நம் தொழிலின் பெயரை நாமே சரியாக எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது, மாற்றியிருக்கிறேன். ஆனால் உன் அக்கா "பூ கோர்த்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லும் இடத்தில் கை வைக்கவில்லை. அது அவர்கள் வாய்ச்சொல்.

'முதலாளி எனக்கு வேலைக் கொடுத்தார்' என்று ஒரு வரி. அந்தக் 'க்' இருந்தால் முருகன் கையில் இருக்கும் வேலைத் தூக்கிக் கொடுத்தார் என்று ஆகிவிடும். டிடிபி கடைப் பெண் சந்தேகம் வந்த இடமெல்லாம் ஒற்றுப் போட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். 'ஐ' உருபு வந்தால் ஒற்று மிகும், 'கு' உருபு வந்தால் மிகும், அந்த இந்த எந்த வந்தால் மிகும். இவ்வளவு நினைவில் இருந்தாலே பாதி சரியாகிவிடும். ஆனால் இங்கே 'வேலை' என்பதே முழுச்சொல், உருபு எதுவும் இல்லை. அதைப் பொருள் தெரிந்த ஆள்தான் பார்க்க வேண்டும். இன்னொரு இடம்: 'பரவைகள் அடையும் நேரம்.' பரவை என்றால் கடல். நம் ஊருக்குப் பக்கத்தில் பரவை என்று ஊரே இருக்கிறது. அதுவும் சரியான சொல்தான் என்பதால் எந்தச் சொல்திருத்திக்கும் சந்தேகம் வர நியாயமில்லை. மனம்-மணம், இரக்கம்-இறக்கம் எல்லாம் இதே வகை. அதனால் திருத்தி பச்சைக்கொடி காட்டிய பிறகும் ஒருமுறை ஈர்க்குச்சி வைத்துப் பார்த்ததுபோல் வரி வரியாகப் பார்த்தேன்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம், பைய போன்ற சொற்களை வெளியூர்க்காரர் பிழை என்று நினைத்துவிடக் கூடாதே என்று அகராதியும் பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் போட்ட தமிழ் லெக்சிகனை, சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள். பிழை திருத்தும் நம் புரூஃப் ஐயா மேஜையில் ஒரே ஒரு தொகுதி இருந்ததும், அதைத் தொட நாம் கை கழுவிவிட்டுப் போனதும் நினைவிருக்கிறதா? இப்போது எல்லாத் தொகுதியும் என் செல்போனில் இருக்கிறது. இரண்டு சொல்லும் அதில் உண்டு. உன் அம்மா சொன்ன 'பைய' குறளிலேயே இருக்கிறது, 1098ஆம் குறள், 'பைய நகும்' என்று. அந்தச் சொல்லையா 'மெதுவாக' என்று மாற்ற வேண்டும்?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய உதவியாக இருந்தது வாசித்துக் காட்டும் வசதி. எட்ஜ் உலாவியில் பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்கச் சொன்னால் தமிழிலேயே வாசிக்கிறது. பல்லவி என்று ஒரு பெண் குரல், வள்ளுவர் என்று ஓர் ஆண் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கண் தாண்டிப் போனதைக் காது பிடித்துவிடுகிறது. ஒரே பக்கத்தில் 'அப்போது' ஏழு முறை வந்தது கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு வாக்கியம் பாதியில் வினைச்சொல் இல்லாமல் தொங்கியது. நாமும் இதைத்தானே செய்தோம்? நீ மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்லி வாசிப்பாய், நான் ஈரம் காயாத புரூஃப் தாளில் கோடு போடுவேன். எடுத்துவிடு என்றால் சுழி, சேர் என்றால் கூம்பு. பல்லவி கமாவைச் சொல்வதில்லை. மற்றபடி நீ எதிரே உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

திருத்தியதை கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையில் வைத்திருக்கிறேன். நான் மாற்றியது ஒவ்வொன்றும் வேறு நிறத்தில் தெரியும். ஏற்றுக்கொள்ளவும் தள்ளிவிடவும் பக்கத்திலேயே பொத்தான் இருக்கிறது. உன் மகனை உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் அவன் வாசிக்க நீ முடிவு சொல். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பழைய பிரதியும் பதிப்பு வரலாற்றில் அப்படியே பத்திரமாக இருக்கிறது, எதுவும் தொலையாது.

பாகப்பிரிவினை அதிகாரத்தை மட்டும் நான் எந்தத் தளத்திலும் ஒட்டவில்லை. உன் சித்தப்பா பெயரும் சர்வே எண்ணும் அதில் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஒட்டும் எழுத்து எங்கே போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. அதைப் பிரிண்ட் எடுத்து, பழையபடி பென்சிலால் பார்த்துத் தபாலில் அனுப்புகிறேன். உன் மகனும் அந்தப் பகுதியை இனி எதிலும் போடாமல் இருக்கட்டும்.

மீதி மூன்று அதிகாரத்துக்குக் கடைக்கு அலையாதே. கண்ணுக்கும் சிரமம் வேண்டாம். செல்போன் விசைப்பலகையில் மைக் படம் இருக்கும், அதைத் தொட்டுவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். நிறுத்தக்குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், அதற்கு நான் இருக்கிறேன். உன் அம்மாவிடம் பேசுவதுபோல் பேசு.

ஒரே ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம், மாற்றாமல் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்றாம் பக்கத்தில் டிரெடிலின் பெரிய சக்கரம் வாசலைப் பார்த்து இருந்தது என்கிறாய். எனக்கு அது ஜன்னல் பக்கம் இருந்ததாக ஞாபகம். மத்தியான வெயில் அதன் மேல் விழுந்து கூரையில் வெளிச்சம் சுற்றுமே. யோசித்துப் பார்த்து எழுது. சட்டைப் பையில் போட்டாயே அந்த லை, அது இன்னும் உன்னிடம் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. பேத்தி பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
ராமலிங்கம்