மரத்தை இறக்காமல் திரும்பிய லொறிக்காரருக்கு நன்றி

காற்றில் விழுந்த எங்கள் மண்டபத்தின் மேற்கு முகட்டுச் சுவர், அதாவது கூரையின் இரு சரிவுகளுக்கும் இடையே முக்கோணமாக முகடு வரை உயரும் சுவர், நேற்று மாலை மீண்டும் நிமிர்ந்தது. அந்தச் சேதத்தின் விவரத்தை ஒன்ராறியோவில் உள்ள நம்மவர்கள் அறிவீர்கள். அதை இங்கே மீட்டவில்லை.

பணம் தந்தோர், கொட்டும் மழையில் தார்ப்பாய் கட்டிய இளைஞர்கள், சமைத்து அனுப்பிய குடும்பங்கள், எங்கள் வகுப்புகளுக்கு இடம் தந்த அயல் தேவாலயத்தார் ஆகிய அனைவருக்கும் தலைவணங்குகிறோம். ஆயினும் இம்மடலை எழுத வைத்தவர் மரக்கடை லொறியை ஓட்டி வந்தவரே.

பழைய சுவரின் அளவைப் பார்த்து எழுதப்பட்ட பட்டியலின்படி எட்டடி ஸ்டட் கட்டைகளை, அதாவது சுவரின் உள்ளே செங்குத்தாக நிறுத்தும் கட்டைகளை, கொண்டுவந்த அவர், முன்னாளில் தச்சராக இருந்தவராம். இறவார மட்டத்தோடு ஸ்டட்டுகள் முடிந்து, அங்கே ஒரு படுகட்டை ஓடி, அதன்மேல் முக்கோணச் சட்டம் தனியே அமர்ந்திருந்த இடத்தைக் காட்டி, சுவருக்கு நடுவே கதவுக் கீல் வைத்தது போலத்தான் இது என்றார். தட்டையான உட்கூரை இருந்திருந்தால் அது அந்த இணைப்பை உள்ளிருந்து பிடித்திருக்கும். எங்கள் மண்டபமோ முகடு வரை திறந்திருப்பதால் காற்றின் தள்ளலைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. “இதை இறக்கினால் இதையேதான் திரும்பக் கட்டுவீர்கள்” என்று சொல்லி, கடையுடன் தொலைபேசியில் பேசி, எங்களிடம் ஒரு சதமும் வாங்காமல் முழுப் பாரத்தையும் திருப்பிக் கொண்டு போனார். இறக்கிவிட்டுப் போயிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு வரைபடம் வரைந்து தந்த பொறியியலாளரும் அவர் சொன்னதையே உறுதிசெய்தார். 1992இல் அன்ட்ரூ சூறாவளிக்குப் பின் புளோரிடாவில் சேதங்களை ஆராய்ந்தவர்களும் முகட்டுச் சுவர்களின் பலவீனத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள் என்றார். இப்போது ஸ்டட்டுகள் தரையிலிருந்து கூரைச் சரிவு வரை ஒரே நீளமாகச் செல்கின்றன. நடுவில் உள்ளவற்றின் உயரம் 18 அடி. கட்டை இடையில் தாங்கலின்றி நிற்கும் நீளம் இரட்டித்தால், அதே காற்றில் கட்டையை முறிக்கப் பார்க்கும் விசை 4 மடங்காகவும், அது வளையும் அளவு 16 மடங்காகவும் கூடுமாம். அதனால் சாதாரண மரத்தை விட்டு, மெல்லிய மரப் படலங்களை ஒட்டிச் செய்த எல்.வி.எல். கட்டைகளைப் போட்டோம். முறுக்கில்லாத 18 அடி மரத்தைத் தேடி அலையும் வேலையும் இல்லாமற் போனது. நெடுஞ்சுவரின் உள்வெளியில் தீ மேலேறாதிருக்க இடையிடையே குறுக்குக் கட்டைகளும் அடித்திருக்கிறோம்.

கிழக்குச் சுவரும் பழைய முறையில் கட்டப்பட்டதே. இன்னும் விழவில்லை என்பதற்காக அதை விட்டுவைக்கப் போவதில்லை. பனிக்காலத்துக்கு முன் அதையும் பிரித்துக் கட்டுவோம் என்று உறுதி கூறுகிறோம். இத்தகைய மண்டபம் வைத்திருக்கும் பிற சங்கத்தார் எங்கள் வரைபடத்தைத் தாராளமாக வந்து பார்க்கலாம். ஆனால் உங்கள் சுவருக்கு உங்கள் பொறியியலாளரின் கையொப்பமும் நகரசபையின் அனுமதியும் தனியே வேண்டும்.

நன்றியுடன்,
மண்டப நிர்வாகக் குழுவின் சார்பில் செயலாளர்