12 ஆண்டு வழக்குக்கு ஓராண்டு நிதி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பி திருமணத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது, அவன் மனைவிக்கு ஐசி (அடையாள அட்டை) கிடையாது. அதனால் இங்கே மலேசியாவிலேயே பிறந்த பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று வந்துவிட்டது. நாங்கள் அலைந்து ஓய்ந்த நேரத்தில் கை கொடுத்தது, கடைவீட்டு மாடியில் மூன்று பேர் நடத்தி வந்த ஒரு சின்ன அமைப்புதான். மனு எழுதி, எங்களோடு பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, ஒரு காசு வாங்கவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. வெளிநாட்டு நிதி நின்றுபோய் வாடகை கட்ட முடியவில்லையாம். பையனின் மனு இன்னும் முடிவாகவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியபோதே பல நாடுகளில் இப்படிப்பட்ட அமைப்புகள் ஆட்டம் கண்டன. ஆனால் பணம் வந்த காலத்திலும் அது வந்த விதம் சரியில்லை. அந்த அமைப்பில் இருந்த அக்கா என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை: கருத்தரங்கு வைக்க நிதி கிடைக்கும், அறிக்கை அச்சடிக்கக் கிடைக்கும், வாடகைக்கும் வழக்கறிஞரின் வண்டி எண்ணெய்ச் செலவுக்கும் கேட்டால் கிடைக்காது, கிடைப்பதும் ஒரு வருடத்துக்குத்தான்.

இங்கே பெண்களுக்காகவும் அந்நியத் தொழிலாளருக்காகவும் போராடும் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸை நினைத்துப் பாருங்கள். தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர் பட்ட கொடுமைகளை 1995இல் எழுதினார், 1996இல் அவர்மீதே வழக்குப் போட்டார்கள், 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் விடுதலையானது 2008இல். பன்னிரண்டு ஆண்டு. ஓராண்டு நிதியை நம்பி யாரால் இப்படி நிற்க முடியும்? கொடுக்கிறவர்கள் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கொடுக்கட்டும், எதற்குச் செலவழிப்பது என்பதை வேலை செய்கிறவர்களிடமே விடட்டும்.

சில இடங்களில் சட்டமே குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் 2020இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிரக் கூடாது என்றார்கள், நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கினார்கள். பெரிய அமைப்பு வழியாகப் பணம் பெற்று வந்த கிராமத்துக் குழுக்களுக்குத்தான் இது பேரடி.

அப்புறம், எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் பணத்தையே நம்பியிருப்பதும் ஆபத்துதான். 2012இல் இங்குள்ள மனித உரிமை அமைப்பான சுவாராம் வெளிநாட்டுப் பணம் வாங்கியது என்று சொல்லியே துருவித் துருவி விசாரித்தார்கள். நம்மவர்கள் கொடுக்கத் தெரியாதவர்களா என்ன? தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி இறக்குகிறோம். அதே கையால் மாதம் இருபது வெள்ளியை (ரிங்கிட்) இப்படி ஓர் அமைப்புக்கும் கொடுக்கலாம். நூறு குடும்பம் கொடுத்தால் 2,000 வெள்ளி, ஒரு சின்ன அறையின் வாடகைக்கு அது போதும்.

தமிழ்ப் பகுதிகளில் வேலை செய்யும் இத்தகைய அமைப்புகளை உங்கள் நாளிதழ் வாரம் ஒன்றாக அறிமுகப்படுத்தினால், எங்கே கொடுப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். செந்தூலில் வீடு வீடாகப் போய்ப் பேச நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்