தங்கக் காடைக் கூண்டில் பழுப்பு ஆண் எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து தங்கக் காடை செட் கேட்கிறவர்களுக்கு மூன்று தங்க நிறப் பெட்டைகளும் சாதாரணப் பழுப்பில் ஓர் ஆணும் கொடுத்து வருகிறோம். அன்றிலிருந்து ஃபோன் ஓயவில்லை. "ஏனுங்க தம்பி, தங்கம்னு காசு வாங்கிட்டு மண்ணு நிறத்துல ஒண்ண உள்ள விட்டுட்டீங்களே?" என்று ஓர் அண்ணன் கேட்டேவிட்டார். நியாயமான கேள்வி. கொடுக்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

முன்பு ஆண், பெட்டை இரண்டையும் தங்கமாகவே கொடுத்தோம். அப்போது வந்த புகார் வேறு: "தங்கத்தைத்தானே ஜோடி சேர்த்தோம், குஞ்சில் பழுப்பு எப்படி வந்தது?"

இந்த நிறத்துக்கான மரபணு ஒவ்வொரு காடையிலும் அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு பங்காக இருக்கும். இத்தாலியன் என்று சந்தையில் விற்கிற தங்கக் காடையில் தங்க மரபணு ஒரு பங்குதான் இருக்கும். மறு பங்கு சாதாரணப் பழுப்பு. இந்த மரபணு ஒரு பங்கு இருந்தாலே நிறம் காட்டிவிடும். இரண்டு பங்கும் சேர்ந்தால் இன்னும் வெளிறிய பொன்னிறம். அதைத்தான் மஞ்சூரியன் என்கிறார்கள். (சாப்பிடுகிற மஞ்சூரியனுக்கும் இதற்கும் உறவில்லை.) இத்தாலியனை இத்தாலியனோடு சேர்த்தால் 32 குஞ்சுகளில் ஏறக்குறைய 8 பழுப்பு, 16 இத்தாலியன், 8 மஞ்சூரியன் வரும். அச்சடித்ததுபோல் வராது. ஒரு தடவை 4 பழுப்பு வரும், இன்னொரு தடவை 12 வரும்.

முட்டையை அடை வைத்த 17ஆம் நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தாலே தெரிந்துவிடும். கட்டைவிரல் அளவுக் குஞ்சு, ஈரம்கூடக் காய்ந்திருக்காது. பழுப்பு என்றால் முதுகில் கருங்கோடுகள் பளிச்சென்று ஓடும். தங்கம் என்றால் உடம்பு மஞ்சளாகவும் கோடு மங்கலாகவும் இருக்கும்.

இப்போது நாங்கள் கொடுக்கும் பெட்டைகள் இரட்டைப் பங்கு உள்ளவை. அவற்றோடு பழுப்பு ஆணைச் சேர்த்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் தாயிடமிருந்து ஒரு தங்கப் பங்கு கட்டாயம் போகும். அத்தனை குஞ்சும் தங்கம். அந்த மண் நிறத்தான் இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை; வேறு ரத்தமும் கூண்டுக்குள் வருகிறது.

இரட்டைதான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறோம்? வெளிறிய நிறத்தை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு பெட்டையையும் தனிக்கூண்டில் பழுப்பு ஆணோடு விட்டு, அதன் முட்டையை மட்டும் தனியாக அடை வைக்கிறோம். ஒரு பழுப்புக் குஞ்சு வந்தாலும் அந்தப் பெட்டை ஒற்றைதான். 10 குஞ்சும் தங்கமாக வந்தால் இரட்டை என்று எழுதுகிறோம். ஒற்றைப் பங்குப் பெட்டைக்கு அப்படி அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். பெட்டை ஏற்கெனவே வேறு ஆணோடு இருந்திருந்தால் பிரித்து 2 வாரம் கழித்துத்தான் முட்டை சேர்ப்போம், பழைய ஆணின் விந்து உள்ளே பல நாள் தங்கும் என்பதால். விலை கூடியதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

ஒரு எச்சரிக்கை. இதில் வரும் குஞ்சுகள் எல்லாமே ஒற்றைப் பங்கு. அவற்றையே ஜோடி சேர்த்தால் பழுப்பு திரும்பி வரும். அதைவிடப் பெரிய தொல்லை, அண்ணன் தங்கையைச் சேர்ப்பது. இந்த விஷயத்தில் காடை கோழியைவிட மோசம், பொரிப்பு சட்டென்று விழுந்துவிடும். நாங்களே ஒரு கூண்டை மூன்று தலைமுறை வெளி ரத்தம் விடாமல் ஓட்டிப் பார்த்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிக்குமேல் கூமுட்டை. அதனால் அடுத்த முறை ஆணை எங்களிடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண் மாற்ற காசு வாங்குவதில்லை.

மஞ்சள் என்று இன்னொரு நிறமும் உண்டு. பார்வைக்கு இதைப்போலவே இருக்கும், ஆனால் அதில் இரட்டைப் பங்கு வந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அதை நாங்கள் வளர்ப்பதில்லை. வேறு இடத்தில் வாங்கிய தங்கத்தை எங்கள் கூண்டில் கலக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொரித்த அன்றே ஆண், பெட்டை பிரித்துத் தர முடியுமா என்று சிலர் கேட்டீர்கள். முடியும், ஆனால் தங்கத்தில் அல்ல. இலவங்கப்பட்டை நிற ஆணைப் பழுப்புப் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் அப்பன் நிறத்திலும் ஆண் குஞ்சுகள் பழுப்பாகவும் வரும். ஜோடியைத் திருப்பிப் போட்டால் எல்லாமே பழுப்பு. அந்தச் செட் இன்னும் தயாராகவில்லை.

கறிக்கும் முட்டைக்கும் மட்டும் வளர்ப்பவர்கள் நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், சாதாரணப் பழுப்பே போதும்.

அப்புறம், குஞ்சு எடுக்க வரும்போது அட்டைப்பெட்டியில் வெறும் நியூஸ் பேப்பர் விரிக்காதீர்கள். வழுக்கிக் கால் இரண்டும் விரிந்துபோகும். பழைய துணியோ சாக்கோ போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காடைப் பண்ணையார்