நீர்ச் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு ஏற்கக் கூடாது: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்ச் 2024

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 பிப்ரவரி 6-ஆம் தேதி மாநிலங்களவையிலும் 8-ஆம் தேதி மக்களவையிலும் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) திருத்த மசோதா நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. தேர்தல் பரபரப்பில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் இன்னும் தமிழ்நாட்டுக்குள் வரவில்லை. அது வருவதும் வராததும் உங்கள் 234 பேரின் கையில் இருக்கிறது. அதனால்தான் டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் அரசியல் சட்டத்தில் நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலங்கள் கேட்டுக்கொண்டால்தான் நாடாளுமன்றம் அதில் சட்டம் இயற்றலாம். அதற்கு வழி செய்வது 252-ஆவது பிரிவு. 1974-இல் 12 மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டதால் மூலச் சட்டம் பிறந்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாடு இல்லை. பிறகுதான் நாம் அதை ஏற்றோம். 1982 பிப்ரவரி 27 அன்று நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. இப்போது வந்திருக்கும் திருத்தத்தைக் கேட்டவை இமாசலப் பிரதேசமும் ராஜஸ்தானும். அவ்விரண்டிலும் யூனியன் பிரதேசங்களிலும் மட்டுமே அது தானாகச் செல்லும். மற்ற மாநிலங்களில், பேரவை தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தாலே தமிழ்நாட்டில் பழைய சட்டம் அப்படியே நிற்கும். சட்டமன்றம் ஒன்றைச் செய்யாமல் இருப்பதாலேயே மக்களுக்கு நன்மை கிடைக்கிற வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

திருத்தம் என்ன செய்கிறது? மூலச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஆற்றிலோ ஏரியிலோ கிணற்றிலோ நிலத்திலோ நச்சுக் கழிவைத் தெரிந்தே விடுவதைத் தடுக்கிறது. மீறினால் குறைந்தது ஒன்றரை ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டுச் சிறை, அதோடு அபராதம். கழிவு விடுவதை நிறுத்து என்று வாரியம் உத்தரவு போட்டும் நிறுத்தாதவருக்கும் சிறைதான். புதிய திருத்தம் இந்தச் சிறைத் தண்டனைகளை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என்று மாற்றுகிறது. வாரியத்தின் முன்னனுமதி இல்லாமல் ஆலை நடத்தினால் சிறை உண்டு என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அதிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: சில வகை ஆலைகளுக்கு அந்த முன்னனுமதியே வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். எந்த வகை என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. அனுமதியே தேவையில்லை என்றாகிவிட்டால், அனுமதி இல்லாமல் நடத்தியதற்குத் தண்டனை எங்கிருந்து வரும்?

நான் பாலாற்றுப் படுகையில் விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். இந்த 10,000 ரூபாய் என்ற எண்ணைச் சட்டத்தில் படித்தபோது எனக்கு உடனே 1996 நினைவுக்கு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

பாலாறு நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஓடுகிறது என்று பழக்கத்தில் சொல்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல்தான். நீர் மணலுக்கு அடியில் இருக்கிறது. வழிவழியாக ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்தோம். ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்தோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று கரையோர ஊர்களெல்லாம் அந்த மணல் நீரை நம்பியவை. தோல் ஷாப்புகள் என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளும் அதே நீரை நம்பித்தான் இங்கு வந்தன. உப்பிட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைக்கும்போதே உப்பு நீரில் இறங்குகிறது. பிறகு குரோமியம் சேர்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. மேலே வெள்ளம் ஓடும் ஆற்றில் விட்ட கழிவை வெள்ளம் ஓரளவு அடித்துக்கொண்டு போகும். மணலாற்றில் விட்ட கழிவு நின்ற இடத்திலேயே இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டு ஆலையை மூடிவைத்தாலும் கிணறு தேறுவதில்லை.

எங்கள் வீட்டில் என் தாத்தா காலத்தில் நெல். அப்பா காலத்தில் நெல் வராமல் தென்னை வைத்தார்கள், அது உப்பைத் தாங்கும் என்று. தென்னை நின்றது; காய் சிறுத்தது. இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்கும் காட்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை, பல வீடுகளில் இதுதான் கதை.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. இன்று இந்தியா முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது; மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், ஐயம் இருந்தால் முன்னெச்சரிக்கையே முதன்மை என்ற இரண்டு நெறிகளும் நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றப்பட்டது எங்கள் கிணறுகளைப் பற்றிய அந்த வழக்கில்தான். தோல் ஆலைகள் நிறைந்திருந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததையும் பதிவு செய்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது என்பதை மறுக்காமலேயே, அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றது. பிறகு மாவட்ட வாரியாக ஒவ்வொரு தோல் ஆலைக்கும் அபராதம் விதித்தது. எவ்வளவு? 10,000 ரூபாய்.

அது 1996. இடையில் 28 ஆண்டுகள் போய்விட்டன. 2024-இல் நாடாளுமன்றம் ஆற்றைக் கெடுத்தவனுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தண்டமும் அதே 10,000 ரூபாய்தான். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மேல் எல்லை 15 லட்சம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பெரிய ஆலை ஒன்று தன் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் ஓராண்டு நடத்தினால் ஆகும் மின்சாரமும் இரசாயனமும் 15 லட்சத்துக்குள் அடங்காது. கணக்குத் தெரிந்த எந்த முதலாளியும் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சிறை என்பது மட்டும்தான் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத செலவாக இருந்தது.

மத்திய அரசு தன் நோக்க உரையில் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அரசு தன் மக்களையும் நிறுவனங்களையும் நம்ப வேண்டும்; சிறு தவறுகளுக்குச் சிறைப் பயம் தொழிலை முடக்கக் கூடாது என்கிறது. படிவத்தைத் தாமதமாகக் கொடுத்தவரையும் அறிக்கையில் ஓர் எண்ணைத் தவறாக எழுதியவரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவற்றை மட்டும் தண்டத்தொகையாக மாற்றியிருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. ஆனால் இரவில் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்திவிட்டுத் தனிக்குழாய் வழியாகக் கழிவைக் கால்வாயில் திறப்பது எந்த வகையில் சிறு தவறு? மழை எப்போது வரும் என்று காத்திருந்து வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடுவதும், ஆம்பூர்ப் பக்கம் பாலாறு நுரை பொங்கி நிற்பதும் கவனக்குறைவால் நடப்பவையா? திட்டமிட்டுச் செய்வதையும் தெரியாமல் செய்வதையும் ஒரே தட்டில் வைத்ததுதான் இந்தத் திருத்தத்தின் முதல் குறை.

இன்னொரு வாதமும் உண்டு: வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன, தண்டனை அபூர்வம், ஓர் அதிகாரி விரைவாகத் தண்டம் விதித்துவிட்டால் நல்லதுதானே என்பது. வழக்கு இழுப்பது உண்மை, அந்தக் குறையை நாங்கள்தான் அதிகம் அனுபவிக்கிறோம். அதற்கு மருந்து வாரியத்தில் போதிய பொறியாளர்களும் ஆய்வகமும் வழக்கறிஞர்களும் இருப்பது. புதிய திருத்தப்படி தண்டத்தை முடிவு செய்பவர் மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி. மத்தியில் இணைச் செயலாளர், மாநிலத்தில் செயலாளர் நிலையில் இருப்பவர். முதலீட்டை ஈர்க்க வேண்டிய அதே தலைமைச் செயலகத்து நிர்வாகத்தில் ஒருவர், முதலீட்டாளருக்குத் தண்டம் விதிக்க வேண்டும். மூலச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட சாதாரண மனிதர் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தானே குற்றவியல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். ஆற்றில் கழிவு விட்டதற்குச் சிறையே இல்லை என்றான பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன மிச்சம் இருக்கும்?

பயம் தேவையா என்று கேட்பவர்கள் திருப்பூரைப் பார்க்கட்டும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. தண்ணீர் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய அணை நாட்டில் வேறு எத்தனை இருக்கும்? ஆண்டுக்கணக்கான அறிவுரையும் அவகாசமும் அங்கே பலன் தரவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீர் வெளியேறாத முறைக்குத் தொழில் உண்மையாகவே திரும்பியது. தொழில் அழிந்தும் போகவில்லை; திருப்பூர் இன்றும் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது.

ராணிப்பேட்டையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிட்கோ தொழிற்பேட்டை வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அதே ஊரில் எப்போதோ மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடக்கிறது. மாசு விஷயத்தில் கவனக்குறைவின் விலையைக் கொடுப்பவர் அதைச் செய்தவர் அல்ல என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் வேறு சான்று வேண்டாம்.

மாநில உரிமை பற்றி இந்தப் பேரவையில் கட்சி வேறுபாடின்றிப் பேசுவீர்கள். அப்படியானால் இந்தத் திருத்தத்தின் இன்னொரு பகுதியையும் படியுங்கள். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவரை எப்படி நியமிப்பது, அவருடைய பணி நிபந்தனைகள் என்ன என்பதை இனி மத்திய அரசு வகுக்கும். அனுமதி வழங்கவும் மறுக்கவும் ரத்து செய்யவும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிடும். வசூலாகும் தண்டத்தொகையும் மத்தியச் சட்டத்தின் கீழுள்ள நிதிக்குப் போகும். ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெரும் மாசு ஆலைகள் கூடாது என்று 1989-லேயே அரசாணை 213 போட்ட மாநிலம் இது. தன் ஆறுகளைப் பற்றித் தானே யோசித்த மாநிலம், அந்த அதிகாரத்தைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

எனக்கு இருக்கும் அச்சம் இந்தத் திருத்தத்தை ஏற்கும் தீர்மானம் எதிர்க்கப்படாமல் போவதைப் பற்றியது மட்டுமல்ல, கவனிக்கப்படாமல் போவதைப் பற்றியதும். 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், நிலம் ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) மசோதா விவாதமின்றி நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ள அரசு நிலத்தையும் பெருந்திட்டங்களுக்குள் சேர்க்க வழி செய்யும் சட்டம் அது. விவசாயச் சங்கங்கள் இன்னும் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. அதே நாளில் நிறைவேறிய 12 மணி நேர வேலைச் சட்டத் திருத்தத்தைத் தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. பத்து நாளில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மக்கள் பேசினால் கேட்கும் அரசு என்பதற்கு அதுவே சாட்சி. அந்த நம்பிக்கையில்தான் இப்போதே, தீர்மானம் வருவதற்கு முன்பே, பேசுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். 252-ஆவது பிரிவின் கீழ் இந்தத் திருத்தத்தை ஏற்கும் தீர்மானத்தை அரசு கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் கடைசி நாளின் நெரிசலில் வைக்காமல், தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் எண்ணூரிலும் மக்களிடம் நேரில் கேளுங்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் எதிர்த்து வாக்களியுங்கள். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் உறுப்பினர்களிடம் மட்டும் தனியாக ஒன்று: குரல் வாக்கெடுப்போடு முடித்துவிட விடாதீர்கள். எழுந்து நின்று பிரிவு வாக்கெடுப்புக் கேளுங்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அவைக் குறிப்பில் பெயரோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாலாற்றுப் படுகை விவசாயி ஒருவர்